கம்பெனி மாறுகிறது, ஆள் மாறவில்லை: அரசாங்கக் குத்தகைகளில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரசாங்க மருத்துவமனை, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று எதுவாக இருந்தாலும், அதன் துப்புரவு வேலையையும் காவல் வேலையையும் குத்தகைக்கு விடும்போது கடைசியில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கையெழுத்துப் போடும் உங்களுக்குத்தான் இந்த மடல். அமைச்சர்களுக்கு மனு கொடுத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து கொடுக்கட்டும். ஆனால் டெண்டர் பத்திரத்தில் எந்த நிபந்தனை இருக்க வேண்டும் என்று வரி வரியாகப் பார்ப்பவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

நான் பினாங்கில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பென்ஷன் வாங்குகிறேன். குத்தகைக் கம்பெனிகளின் மாதாந்திரப் பில்லோடு வரும் வருகைப் பதிவைச் சரிபார்ப்பதும் என் மேசை வேலைகளில் ஒன்றாக இருந்தது. எனவே இங்கே எழுதுவது காதில் விழுந்த சேதி இல்லை, கண்ணால் பார்த்தது.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். குத்தகை ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகும்போது, அந்த இடத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களைப் புதிய கம்பெனி அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே உழைத்த ஆண்டுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை டெண்டரில் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்.

குத்தகை மாறும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை ஆறரை மணி இருக்கும். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடம். துப்புரவு வேலைப் பெண்கள் பசியாறுவது அங்கேதான். பழைய கம்பெனியின் பச்சைச் சட்டையை ஒவ்வொருவரும் துவைத்து மடித்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருப்பார்கள். திருப்பிக் கொடுக்காவிட்டால் கடைசிச் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற பயம். புதிய கம்பெனியின் ஆள் ஒரு பெட்டி நிறைய நீலச் சட்டையும் ஒரு கட்டு விண்ணப்பப் பாரமும் கொண்டுவருவார். அடையாள அட்டை நகல், படம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்பார்.

அவர்களில் ஒருவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அவர் அங்கே கூட்டிப் பெருக்குகிறார். பாரத்தை என்னிடம் நீட்டி, "நீயே எழுதிக் கொடும்மா, எனக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கு" என்பார். பெயர், முகவரி, வாரிசு. அதற்குக் கீழே 'தாரிக் மூலா பெக்கெர்ஜா' என்று ஒரு கட்டம். வேலையில் சேர்ந்த தேதி. அதில் அன்றைய தேதியைத்தான் எழுத வேண்டும். நான் எழுதி முடிப்பதற்குள் அக்கா எழுந்து போய்விடுவார். இரண்டாம் மாடித் தண்ணீர்க் குழாயின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, பெருமழை பெய்தால் எந்தக் கழிவறையில் தண்ணீர் மேலேறி வரும், எந்த அதிகாரியின் அறையை எட்டு மணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதையெல்லாம் புதிய சூப்பர்வைசருக்கு அவர்தான் காட்ட வேண்டும். அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்ததாகப் பாரம் சொல்லும் அதே பெண், அன்றைக்கே கம்பெனிக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டத்தில் எழுதும் தேதி ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். 1955-ஆம் ஆண்டு மலேசிய வேலைச் சட்டத்தில் விடுப்பு எல்லாம் சேவைக் காலத்தை வைத்துத்தான் கணக்காகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை 12 நாள். ஐந்து ஆண்டைத் தாண்டினால் 16 நாள். மருத்துவ விடுப்பும் அப்படித்தான், 14, 18, 22 என்று ஏறும். சட்டம் எழுதியவர்களின் எண்ணம் தெளிவாகவே தெரிகிறது. ஒருவர் ஓரிடத்தில் கூடுதலாக உழைக்க உழைக்க, ஓய்வும் கூட வேண்டும். வயது ஏற ஏற உடம்புக்கும் அது தேவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரே கட்டடத்தில் 15 ஆண்டு வேலை செய்கிறார் என்று வையுங்கள். மூன்றாண்டுக் குத்தகை ஐந்து முறை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் அவருக்கு 8, 8, 12 என்று மொத்தம் 28 நாள். ஐந்து முறைக்கும் சேர்த்து 140 நாள். அதே 15 ஆண்டை அறுபடாத சேவையாக எண்ணினால் முதல் இரண்டு ஆண்டுக்கு 16, அடுத்த மூன்றுக்கு 36, மீதிப் பத்துக்கு 160. ஆக 212 நாள். 72 நாள் குறைகிறது. இரண்டாண்டுக் குத்தகையாக இருந்தால் இன்னும் மோசம். 12 நாள் என்ற படியையே அவர் ஒருபோதும் மிதிக்க மாட்டார். தலை நரைக்கும் வரை 8 நாள்தான்.

72 நாள் என்பது ஒரு மனுஷியின் வாழ்க்கையில் என்ன என்று யோசிக்க வேண்டும். நம் சட்டப்படி முதலாளி ஆண்டுக்கு 11 பொது விடுமுறை கொடுக்க வேண்டும். அதில் ஐந்துதான் கட்டாயம் என்று பெயர் குறித்தவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு எவை என்று முதலாளிதான் தேர்ந்தெடுப்பார். கம்பெனி தைப்பூசத்தைப் பட்டியலில் வைக்கவில்லை என்றால், பினாங்கே திரண்டு தண்ணீர்மலைக்கு நடக்கிற அந்த நாளில், சொந்த விடுப்பில் ஒன்றைக் கொடுத்துத்தான் அவர் முருகனைப் பார்க்கப் போக முடியும். மரண விடுப்பு என்று வேலைச் சட்டத்தில் எதுவும் இல்லை. அண்ணன் இறந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ, கருமாதிக்கு இன்னொரு நாள். அதுவும் அந்த எட்டிலிருந்துதான். பிள்ளையின் பள்ளியில் மதிப்பெண் அட்டை வாங்க வரச் சொல்வார்கள், ஒரு நாள். தீபாவளிக்கு முதல் நாள் பலகாரம் சுட வேண்டும், ஒரு நாள். அப்புறம் என்ன மிச்சம்?

ஒன்றுமே செய்யாமல் வீட்டில் உட்காரும் நாள் ஒன்றும் மிச்சமில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்து, நாலு மணிக்கு எழுந்து தேத்தண்ணீர் கலக்கி, பக்கத்து வீட்டு அம்மாவோடு படிக்கட்டில் உட்கார்ந்து பேசும் ஒரு வேலை நாள். எனக்கு அப்படிப்பட்ட நாட்கள் கிடைத்தன. நிரந்தர ஊழியராக இருந்ததால் கிடைத்தன. சந்தோஷம் என்றால் என்ன என்று பெரிய பெரிய விளக்கம் எல்லாம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சாதாரண நாட்கள்தான். ஒருவருக்கு அவை கிடைக்குமா என்பதை அவருடைய தலையெழுத்து தீர்மானிக்கவில்லை, உங்கள் டெண்டர் பத்திரம் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரு பெண்ணின் சொந்த மகிழ்ச்சியைப் பற்றி ஓர் அரசாங்க அதிகாரியிடம் பேச எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

சம்பளமும் இதே கதைதான். குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்ப மலேசியாவில் 2013-இல் 900 வெள்ளியில் தொடங்கியது. 2016-இல் 1,000, 2019-இல் 1,100, 2020-இல் நகரப் பகுதிகளில் 1,200, 2022-இல் 1,500, 2025-இல் 1,700. ஒவ்வொரு உயர்வும் நல்லதே, அதற்குப் போராடியவர்களுக்கு நன்றி. ஆனால் அக்காவின் சம்பளம் ஏறியதெல்லாம் சட்டம் ஏறியபோது மட்டும்தான். அவருடைய உழைப்புக்காக, அனுபவத்துக்காக என்று ஒரு வெள்ளிகூட ஏறவில்லை. நேற்று வந்த இளம்பெண்ணுக்கும் அவருக்கும் ஒரே சம்பளச் சீட்டு. இளம்பெண்ணுக்குக் குறைக்கச் சொல்லவில்லை. நீண்ட நாள் உழைத்தவருக்கு அந்த உழைப்பு எங்கேயாவது ஒரு வரியில் பதிவாக வேண்டாமா என்று கேட்கிறேன்.

வேலை போனாலும் இதே தேதிதான் குறுக்கே நிற்கும். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கின்றன வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள். குத்தகைத் தொழிலாளியோ ஐந்து ஆண்டை எட்டுவதே இல்லை. குத்தகைத் தவணை முடிந்தது, நீங்கள் போகலாம் என்றால் அவ்வளவுதான்.

அந்த 1980 விதிமுறைகளில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தொழில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய தொழிலாளர்களுக்கு முந்தையதற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தருவதாகச் சொல்ல வேண்டும். சொன்னால் சேவை அறுபடாமல் தொடரும். சொல்லவில்லை என்றால் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுத்தாக வேண்டும். எங்கள் தலைமுறைக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. செபராங் பிறையில் இன்றைக்குத் தொழிற்சாலையும் தாமான் குடியிருப்புமாக இருக்கும் எத்தனையோ இடம் அன்றைக்குத் தோட்டம். பத்து காவானையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் கைமாறியபோதெல்லாம் தொழிலாளர் லயத்து வீடுகளில் இதுதான் பேச்சு: புது கம்பெனி பழைய சர்வீஸை எடுத்துக்கொள்ளுமா, இல்லை பழைய கம்பெனி பணம் கட்டுமா? எல்லாத் தோட்டத்திலும் ஒழுங்காகக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். இழுத்தடித்தவர்கள் உண்டு, ஏமாற்றியவர்கள் உண்டு. ஆனாலும் தொழிற்சங்கம் கையில் பிடித்துக் கேட்க ஒரு விதி இருந்தது.

அந்தத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பெண்கள்தான் இன்று பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்த்தாஜாமிலும் ஆயர் ஈத்தாமிலும் அடுக்குமாடி வீடுகளில் இருந்து கிளம்பி, பஸ் பிடித்து, உங்கள் கட்டடங்களைக் கூட்ட வருகிறார்கள். மலாய்க்காரப் பெண்களும் அவர்களோடு இருக்கிறார்கள். இது ஓர் இனத்தின் பிரச்சினை மட்டும் என்று யாரும் ஒதுக்கிவைக்க வேண்டாம். தனியார் தோட்டம் கைமாறினால் தொழிலாளியின் ஆண்டுகளுக்கு ஒரு மதிப்பு உண்டு, அரசாங்கக் குத்தகை கைமாறினால் கிடையாது என்பது எப்படி நியாயம்? குத்தகை மாறுவது தொழிலை விற்பது ஆகாது என்று சட்டம் தெரிந்தவர் சொல்வார். சரி. கட்டடம் அதே, வேலை அதே, ஆள் அதே, பணம் கொடுக்கும் அரசாங்கமும் அதே. மாறுவது சட்டையில் உள்ள பெயர் மட்டும்தான்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன். அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து வேலைகளும் 1996-இன் இறுதியில் போட்ட ஒப்பந்தத்தின்படி மூன்று கம்பெனிகளுக்கு மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதற்கு முன்பு மருத்துவமனையில் தரை துடைத்தவரும் அரசாங்க ஊழியர். வயதானபின் அவருக்கும் பென்ஷன். அவர் பிள்ளைகள் படித்து ஆசிரியரானார்கள், தாதியானார்கள். பினாங்கில் அப்படி முன்னேறிய குடும்பங்கள் எனக்கே பல தெரியும். அந்த ஏணி அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் வைக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அது அமைச்சரவை முடிவு செய்ய வேண்டிய காரியம். உங்கள் கைக்கு எட்டியதைத்தான் இங்கே கேட்கிறேன்.

ஒரே மருத்துவமனைக்குள் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016-இன் இறுதியில் இருந்து இளம் மருத்துவர்களையும் ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் கறுப்பு உடை அணிந்து மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒப்பந்த முறையால் எதிர்காலமே தெரியவில்லை என்று அவர்கள் சொன்னதை நாடு முழுக்கக் கேட்டது. கேட்கத்தான் வேண்டும், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதே வார்டில், அதே மாடியில், அவர்களைவிடப் பல ஆண்டு முன்பிருந்தே ஒப்பந்தத்தில் இருப்பவர், மஞ்சள் பையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும் பெண். மஞ்சள் பை என்றால் மருத்துவக் கழிவு. இரத்தம் பட்ட பஞ்சு, குழாய், கையுறை. கறுப்புப் பை சாதாரணக் குப்பை. இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அவர் தெரிந்து வைத்திருப்பதால்தான் நாம் பயமில்லாமல் படுக்கையில் படுக்கிறோம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் உட்பட நிறைய பேர் வீட்டில் இருந்தோம். இந்தத் துப்புரவுப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். அதே ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் நடத்திய தொழிற்சங்கத் தரப்பினர் ஐந்து பேர் கைதானார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்தப் பேச்சுகளை நானே கூட்டங்களில் குறிப்பெடுத்திருக்கிறேன்.

முதலில் வருவது, "அவர்கள் நம் ஊழியர்கள் இல்லை, கம்பெனியின் ஊழியர்கள்." காகிதத்தில் சரி. ஆனால் கழிவறை நாறினால் நீங்கள் திட்டுவது யாரை? ஓர் ஆள் வராவிட்டால் பில்லில் பிடித்தம் செய்யச் சொல்வது யார்? எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த மாடியில் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது யார்? அவர்களுடைய உழைப்பின் ஒவ்வொரு மணியையும் இலாகாதான் வகுக்கிறது. வேலைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைப் பாருங்கள். குத்தகைக்காரர் சம்பளம் கொடுக்காமல் விட்டால், அவரிடம் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பு என்று அது சொல்கிறது. வேலையைக் கொடுத்தவன் கை கழுவிவிட முடியாது என்ற எண்ணம் நம் சட்டத்துக்கு ஒன்றும் புதிதில்லை.

அடுத்தது பணம். இதைத்தான் பெரிய சுவராகக் காட்டுவார்கள், அதனால் கணக்குப் போட்டே சொல்கிறேன். 1,700 வெள்ளி மாதச் சம்பளத்தைச் சட்டம் சொல்வதுபோல் 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. 8 நாளுக்குப் பதில் 16 நாள் விடுப்பு என்றால் கூடுதல் 8 நாள், ஆண்டுக்குச் சுமார் 523 வெள்ளி. மாதத்துக்கு 44 வெள்ளிகூட வரவில்லை, அதுவும் மிக நீண்ட நாள் உழைத்தவர்களுக்கு மட்டும். மாற்று ஆள் வைத்தால் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் சேர்த்துக் கொஞ்சம் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நிபந்தனை என்றால் எல்லோரும் அந்தச் செலவையும் சேர்த்தே விலை போடுவார்கள். இன்றைக்கு நடப்பது வேறு. மிகக் குறைந்த விலை போட்டவர் அதை எங்கே மிச்சம் பிடிக்கிறார்? சோப்புத் தண்ணீரில் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்? ஆளிடம்தான் பிடிக்கிறார். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வார், கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள், சேமநிதிப் பணம் கட்டினார்களா என்று அந்தப் பெண்கள் மகனின் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"புதிய கம்பெனிக்குத் தன் ஆட்களைத் தேர்ந்தெடுக்க உரிமை வேண்டாமா?" என்பதும் வரும். ஒழுங்காக வேலை செய்யாதவரை விசாரித்து நீக்குவதற்கு வேலைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழியை யாரும் அடைக்கச் சொல்லவில்லை. காரணமே இல்லாமல் நின்றுபோவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன். நான் பார்த்த ஒரு மாற்றத்தில் வயதான இரண்டு பாதுகாவலர்களின் பெயர் மட்டும் புதுப் பட்டியலில் இல்லை. ஏன் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒருவர் மறுநாளும் வழக்கம்போல் காலையில் வந்து கேட்டருகே நின்றார். வேறு சட்டை போட்ட ஆள் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கெல்லாம் கையைக் காட்டிவிட்டுப் போனார். 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில் ஓய்வு வயது 60 என்று சட்டம் இருக்கிறது. ஆனால் 24 மாதத்துக்கு மேற்படாத தவணை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. அவர் போன்றவர்களுக்கு அந்தச் சட்டமும் துணைக்கு வராது.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்றும் இல்லை. பொதுப் பணத்தில் நடக்கும் குத்தகைகளில் தொழிலாளர் நிபந்தனைகள் இருக்க வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1949-இலேயே 94-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. பிரிட்டனில் 2006 விதிமுறைகளின்படி துப்புரவு, காவல் போன்ற சேவைக் குத்தகை கைமாறும்போதும் தொழிலாளர்கள் தங்கள் சேவைக் காலத்தோடும் நிபந்தனைகளோடும் புதிய கம்பெனிக்குப் போகிறார்கள். அங்கே கம்பெனிகள் திவாலாகிவிடவில்லை, டெண்டர் போட ஆளில்லாமலும் போய்விடவில்லை. நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் அரசாங்கக் கொள்முதல் சட்ட மசோதா மக்களவையில் நிறைவேறியது. பணம் எப்படிச் செலவாகிறது என்பதை ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்றால், அந்தப் பணத்தில் உழைப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதும் அந்த ஒழுங்கில் சேர வேண்டும். அதன் கீழ் எழுதும் விதிமுறைகளில் இதற்கு இடம் கொடுக்கலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒப்பந்த நிபந்தனைகளில் சேர்த்தாலே போதும்.

பொதுச் சேவையில் சேர்ந்தபோது எங்களுக்கு வகுப்பு எடுத்த மூத்த அதிகாரி ஒருவர், கோப்பில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதம் கடைசியில் யார் வீட்டுக்குப் போகிறது என்று யோசியுங்கள் என்பார். பொதுக் கடமை என்று நான் கற்றுக்கொண்டது அதைத்தான். விதிக்குள் இருந்தோமா, தணிக்கையில் மாட்டாமல் இருந்தோமா என்பதோடு நிற்கும் நல்ல அதிகாரிகளை எனக்குத் தெரியும். நேர்மையானவர்கள், ஒரு காசு தொடாதவர்கள். அவர்களிடம்தான் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கச் சொல்கிறேன். கெட்டவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டெண்டர் அழைக்கும்போது அந்த இடத்தில் இப்போது வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொருவரும் அந்த இடத்தில் முதன்முதலில் வேலைக்கு வந்த தேதியையும் பெயரில்லாமல் ஒரு பின்னிணைப்பாக வையுங்கள். விலை போடுகிறவர்கள் அதைப் பார்த்துப் போடட்டும். குத்தகை கிடைத்த கம்பெனி ஏழு நாளுக்குள் அவர்கள் எல்லோருக்கும் வேலைக் கடிதம் கொடுக்க வேண்டும், அதில் சேவைக் காலம் அந்தப் பழைய தேதியிலிருந்து என்று இருக்க வேண்டும். முதல் மாதப் பில்லோடு அந்தக் கடிதங்களின் நகலும் வர வேண்டும், வராவிட்டால் பில் நகரக் கூடாது. பில்லை நகர விடாமல் வைப்பது எப்படி என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய தேதி தெரியவில்லை என்று யாராவது சொன்னால், சேமநிதிக் கணக்கிலும் சொக்சோ பதிவிலும் எந்த ஆண்டு முதல் எந்தக் கம்பெனி பணம் கட்டியது என்று இருக்கிறது. தொழிலாளியிடம் கேட்டாலே எடுத்துக் காட்டுவார்.

சட்டப்படி இதைச் செய்ய முடியாது என்று உங்களில் யாராவது கருதினால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு தடுக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போவது எங்கள் வேலை. தடை எதுவும் இல்லை, நிதி அமைச்சின் உத்தரவு மட்டும்தான் வேண்டும் என்றால், உங்கள் இலாகாவிலிருந்து அந்த உத்தரவைக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். இரண்டும் இல்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்றால், இதோ கேட்டுவிட்டேன். பினாங்கில் அடுத்து எந்தக் கட்டடத்தின் குத்தகை முடியப்போகிறது என்பது உங்கள் மேசையில் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. அந்த டெண்டரிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசாங்க அலுவலகக் குமாஸ்தா,
பினாங்கு